மேல்மலையில் ஒரு மினி டிராக்டரின் முதல் சர்வீஸ்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி என்று போகும் ஊர்களை நாங்கள் மேல்மலை என்கிறோம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. அங்கே காப்பி, மிளகு, மலைவாழை. மேல்மலையில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது இந்த நிலத்தில்தான். சரிவை வெட்டி அடுக்கடுக்காகக் கட்டிய காடு இது. மாடு உழுது, குதிரை பொதி சுமந்த அடுக்குகளில் இப்போது மினி டிராக்டர் இறங்கியிருக்கிறது.

இந்த நிகழ்வில் வரும் வண்டி 27 குதிரைத்திறன் கொண்டது. நான்கு சக்கர இழுவை, பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர். ஆவணிக் கடைசியில் வாங்கப்பட்டது. உரிமையாளர் அறுபதை நெருங்கும் பெண் விவசாயி. ஓட்டுபவர் அவருடைய அண்ணன் மகன். நான் பக்கத்துக் காட்டுக்காரன். சமவெளியில் டிராக்டர் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பியவன். பெயர், ஊர், வண்டிக் கம்பெனி எதையும் இங்கே குறிக்கவில்லை. நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது; அதை மறைக்கவும் இல்லை.

முதலில் கேட்ட சத்தம்

ஐப்பசி நடுவில் ஒரு மாலை அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். "தம்பி, வண்டி முனகுகிறது. கேட்டால் குளிருக்கு என்கிறான். நீ ஒரு தடவை வந்து பார்" என்றார்.

மறுநாள் காலை போனேன். ரோட்டவேட்டரைத் தூக்கும்போது இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கீச்சொலி வந்தது. தூக்கும் கைகள் சீராக எழாமல் விக்கி விக்கி எழுந்தன. ஓட்டுநர் சொன்ன காரணம் தவறு என்று உடனே தள்ளிவிட முடியாது. 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில், ஐப்பசிக் காலையில் ரோட்டவேட்டரைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆயில் தடித்துத்தான் இருக்கும். பம்பு அதை உறிஞ்சச் சிரமப்பட்டால் சத்தம் வரும். ஆனால் அது வண்டி சூடேறியதும் அடங்க வேண்டும். அதனால் இரண்டு கேள்வி மட்டும் கேட்டேன். மதியம் வெயிலிலும் சத்தம் இருக்கிறதா? வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கும்போது அதிகம்?

மதியமும் இருக்கிறது என்றார். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீழ் அடுக்குக்கு இறங்கும்போதுதான் அண்ணே ஜாஸ்தி. மேலே ஏறும்போது சத்தமே இல்லை" என்றார்.

குளிர், மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை. மூக்கு கீழே சாய்ந்தால், கியரும் ஹைட்ராலிக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் பெட்டியில் இருக்கும் ஆயில் முன்பக்கம் ஓடும். இந்த வண்டியில் பம்புக்குப் போகும் உறிஞ்சுவாய் பின்பக்கம் இருக்கிறது. ஆயில் குறைவாக இருந்தால் அந்த நேரத்தில் அது காற்றைச் சேர்த்து உறிஞ்சும். கீச்சொலியும் விக்கலும் அதனால் வரலாம் என்று பட்டது.

"ஆயில் நிறைய இருக்கிறது அண்ணே, தினமும் பார்க்கிறேன்" என்று பெட்டியின் ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியை உருவிக் காட்டினார். மேல்கோட்டுக்கும் மேலே நின்றது.

நோட்டில் 62, மீட்டரில் 42

சர்வீஸ் கூப்பனில் முதல் சர்வீஸுக்கு "50 மணி அல்லது 2 மாதம், எது முந்தியதோ அது" என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 42 காட்டியது. இன்னும் எட்டு மணி இருக்கிறது, நடவை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டுநர் கணக்குப் போட்டிருந்தார். அத்தையிடம் வேறொரு கணக்கு இருந்தது. பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில், வண்டி எப்போது காட்டுக்குள் இறங்கியது, எப்போது திரும்பியது என்று வாங்கிய நாளிலிருந்து எழுதி வைத்திருந்தார். கூட்டினால் 62 மணி.

இரண்டும் பொய்யில்லை. இந்த வண்டியில் இருப்பது எஞ்சின் சுழற்சியோடு ஓடும் பழைய வகை மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால்தான் அதில் ஒரு மணி முழுதாக ஏறும். குறுகிய அடுக்குகளில் இவர் பெரும்பாலும் 1,700 சுற்றை ஒட்டியே ஓட்டியிருக்கிறார். 62ஐ 1,700ஆல் பெருக்கி 2,500ஆல் வகுத்தால் 42 வருகிறது. கடிகாரம் போல நேரத்தையே எண்ணும் மின்னணு மீட்டர் உள்ள வண்டிகளில் இந்த வித்தியாசம் இருக்காது.

கம்பெனியின் கணக்கு மீட்டர்படிதான். எஞ்சின் ஆயில் 42 மணிக்குரிய வேலையைத்தான் செய்திருக்கிறது என்பதும் சரியே. ஆனால் நட்டு தளர்வதற்கு எஞ்சின் சுற்று மட்டும் காரணமில்லை. சரிவில் நிற்கும் பாரமும் அதிர்வும் 62 மணி நேரம் அதன்மேல் இருந்திருக்கின்றன. இரண்டு மாதக் கெடு முடிய ஒரு வாரம் கூட இல்லை. சத்தமோ ஏற்கெனவே இரண்டு வாரமாக இருக்கிறது. 50க்குக் காத்திருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

விற்பனையகம் கீழே சமவெளியில். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கே மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்; அதற்குப் பிறகு மேல்மலைச் சாலை. தொலைபேசியில் கேட்டபோது, மழை காரணமாகப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வண்டியை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோவது, வாடகை கட்டுபடியாகாது. நாங்களே முழுவதும் பிரித்துச் செய்வது. கை எனக்குப் பழகியதுதான், ஆனால் கூப்பனில் முத்திரை விழாமல் உத்தரவாதக் காலத்தில் பெட்டியைத் திறந்தால் பின்னால் எது நடந்தாலும் பேச்சு நம் பக்கம் நிற்காது. மூன்றாவது, எதையும் திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளை இன்றே செய்துவிட்டு, திறக்க வேண்டியதற்கு மெக்கானிக்குக்காகக் காத்திருப்பது. மூன்றாவதை எடுத்தோம். அதுவரை வண்டியை வேலைக்கு இறக்குவதில்லை என்றும் முடிவு செய்தோம். காற்றை உறிஞ்சும் பம்பு தன்னைத்தானே அரித்துக்கொள்ளும்.

நடவு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. கடைசி இரண்டு அடுக்கை மாடு வைத்து உழுதார்கள். "டிராக்டர் வாங்கியும் மாட்டுக்காரருக்குக் கூலி கொடுக்கிறேனே, தம்பி" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். அவர் அலுப்பில் தப்பில்லை.

மட்டம் பார்த்தது

கேஜ் கம்பி மேல்கோட்டைத் தாண்டிக் காட்டுகிறது, பம்போ ஆயில் இல்லாததுபோல் கத்துகிறது. இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்கும்? விடை வண்டி நின்ற இடத்தில் இருந்தது. வீட்டு வாசலில், மூக்கு மேடு பார்க்க நிறுத்துவது ஓட்டுநர் வழக்கம். பிரேக் விட்டாலும் பின்னால் இருக்கும் கல் திண்டு பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. அங்கேயே நின்றபடிதான் தினமும் ஆயில் பார்த்திருக்கிறார்.

கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, கால் வைக்கும் தட்டின்மேல் வைத்துப் பார்த்தோம். ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சாய்வு. பார்வைக்கு அது சரிவாகவே தெரியாது. மலையில் பிறந்த கண்ணுக்கு அதுதான் சமதரை. கேஜ் கம்பி இறங்குவது பெட்டியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் பின்னால். அந்தச் சாய்வில் அங்கே ஆயில் 3 சென்டிமீட்டர் ஏறித் தெரியும். கம்பியில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் 2 சென்டிமீட்டர். காலி என்று காட்ட வேண்டிய வண்டி, நிறைந்து வழிகிறது என்று காட்டியிருக்கிறது.

சமமான இடம் தேடுவது அதைவிடப் பெரிய வேலையாகப் போயிற்று. பூண்டு காயவைக்கும் சிமெண்ட் களம் மட்டமாக இருக்கும் என்று நம்பி ஓட்டிப்போனோம். மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று அதையும் சரிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் ஓர் அங்குலக் கனமுள்ள அகலப் பலகைகளைப் போட்டு ஏற்றி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டோம். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது. கம்பியை உருவினேன். நுனியில் மட்டும் ஈரம்.

ஓட்டுநர் வாங்கிப் பார்த்தார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கே போயிற்று என்று தேடினோம். வலது கால்தட்டுக்கு அடியில் ஹைட்ராலிக் குழாய் இணைப்பு ஒன்றைச் சுற்றி மட்டும் செம்மண் கருத்து, கெட்டியாக அப்பியிருந்தது. மற்ற இடங்களில் காய்ந்த மண், தட்டினால் உதிர்ந்தது. இங்கே சுரண்ட வேண்டியிருந்தது. கசிவுக்கு அந்த மண்ணைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நட்டும் பிரேக்கும்

முதல் சர்வீஸ் என்றால் ஆயில் மாற்றுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். புது வண்டியில் பெயின்ட் பூசிய முகங்கள் ஒன்றோடொன்று அமர்ந்து படிவதால், தொழிற்சாலையில் இறுக்கிய நட்டு முதல் சில பத்து மணிக்குள் தன் பிடியில் கொஞ்சத்தை இழக்கும். அதைப் பார்ப்பதை நான் ஆயிலுக்கு முன்னால் வைப்பேன்.

பின்சக்கர நட்டுக்குக் கையேடு 110 முதல் 125 நியூட்டன்-மீட்டர் கேட்டது. அரை மீட்டர் கைப்பிடியின் முனையில் 24 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. வலது சக்கரத்தில் ஆறும் அசையவில்லை. இடது சக்கரத்தில் நான்கு நட்டுகள் சுழன்றன. ஒன்று கால் சுற்று வரை போன பிறகுதான் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றது. அந்த நட்டுக்கு அடியில் பெயின்ட் தேய்ந்து, வளையமாக வெள்ளி போலத் தெரிந்தது.

ஏன் இடது மட்டும்? ஓட்டுநர் உழும் முறையைக் கேட்டதும் விளங்கியது. குறுகிய அடுக்கில் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு முனையிலிருந்து உழுதுகொண்டே போய், ரோட்டவேட்டரைத் தூக்கி, பின்னால் வந்து, மறுபடி அதே திசையில் உழுகிறார். இப்படிச் செய்தால் பள்ளத்துப் பக்கம் எப்போதும் ஒரே சக்கரம். 62 மணி நேரம் பெரும்பாரத்தை அந்த இடது சக்கரம் சுமந்திருக்கிறது. சமவெளியில் திருப்பித் திருப்பி உழுகிறவருக்கு இது வராது. கழன்றிருந்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரேக்கிலும் இதே கதை. பிரேக் பிடிப்பதற்கு முன் பெடல் சும்மா அசையும் தூரம் வலப்பக்கம் 25 மில்லிமீட்டர், இடப்பக்கம் 40. அகலமான அடுக்குகளில் இவர் திரும்புவது பெரும்பாலும் இடது பிரேக்கைத் தனியாக மிதித்து. இரண்டையும் பூட்டிச் சாலையில் இறங்கும்போது வலது முதலில் பிடித்து, வண்டி வலப்பக்கம் இழுத்திருக்கும். "ஆமாம், இழுக்கும். புது வண்டி, அப்படித்தான் என்று நினைத்தேன்" என்றார். கொண்டை ஊசி வளைவில் அப்படி நினைப்பது ஆபத்து. இரண்டையும் சமமாக்கினோம். கிளட்ச் பெடலில் அசைவு குறைந்திருந்தது, ஃபேன் பெல்ட் தொய்ந்திருந்தது. இரண்டும் புது வண்டியில் எதிர்பார்க்கக்கூடியவையே, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தோம்.

டயர் காற்று பற்றி ஒரு சந்தேகம் வந்தது. கீழே 20 பவுண்டு அடித்து அனுப்பியதாகச் சொன்னார்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் மீட்டரில் கூடுதலாகக் காட்ட வேண்டுமே? காட்டவில்லை, இங்கும் 20தான். உயரத்தால் ஏறுவதைக் குளிர் இறக்கிவிடுகிறது. கீழே 32 டிகிரி, இங்கே 12 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் சரிக்குச் சரி. பக்கத்துக்குப் பக்கம் ஒரே அளவு இருக்கிறதா என்பதுதான் சரிவில் முக்கியம், இருந்தது.

மெக்கானிக் வந்த நாள்

மறுபடி தொலைபேசியில் பேசும்போது "சத்தம் வருகிறது" என்று சொல்லவில்லை. மூக்கு கீழே இருக்கும்போது மட்டும் பம்பு கீச்சிடுகிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஆயில் கீழ்கோட்டுக்கும் கீழே, இந்த இணைப்பில் கசிவு என்று சொல்லி, படமும் அனுப்பினோம். பத்து நாள் என்றவர்கள் நான்காம் நாளே ஆளை அனுப்பினார்கள். இளம் மெக்கானிக், முதல் பஸ்ஸில் பில்டர்களோடு வந்தார். ஆயில் கேன்கள், வடுகபட்டிச் சந்தையில் பூண்டு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் முந்தின நாளே வந்திருந்தன. அதற்கு முன் கொடைக்கானலில் கிடைத்த வேறு ஆயிலை ஊற்றிச் சமாளிக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. கியர், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில் ஓடும் பெட்டி இது. ரகம் தெரியாமல் கலக்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

இணைப்பைக் கழற்றி வாஷர் மாற்றினார். இந்த வண்டிக்கு முதல் சர்வீஸில் பெட்டி ஆயிலை மாற்ற வேண்டியதில்லை, பில்டரை மட்டும்தான். பழைய பில்டரோடு வந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. தண்ணீரில் குழைத்த விபூதி போல. விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பு இல்லை. பல்லும் பல்லும் புதிதாகப் பழகும்போது வரும் பொடி அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் மயிரிழை போல இரண்டு சுருள்கள் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உடைந்த பல்லாக இருந்தால் தட்டையான, கூர்முனையுள்ள சில்லாக இருக்கும். இவை கடைசலில் விழுந்து கழுவாமல் தங்கிய பிசிறு என்பது மெக்கானிக்கின் முடிவு. நானும் ஒத்துக்கொண்டேன். அப்படியும் எறியவில்லை, காகிதத்தில் மடித்துத் தேதியும் மீட்டர் எண்ணும் எழுதி வைத்தோம். அடுத்த முறை ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

மேல்கோடு வரை நிரப்ப மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே பிடித்தது. வண்டியை ஒப்படைத்த நாளிலும் இதே வாசலில், இதே சாய்வில்தான் அளவு பார்த்திருக்கிறார்கள். ஆகவே கசிந்தது எவ்வளவு, முதலிலிருந்தே குறைந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

என் பிழை

மெக்கானிக் பின்னால் வேலை பார்க்க, எஞ்சின் ஆயிலை நான் எடுத்துக்கொண்டேன். வண்டியைச் சூடேற்றி, ஆயில் இளகியபின் வடித்தேன். பில்டரைக் கழற்றினேன். புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. 15டபிள்யூ-40 ஆயிலைக் குறித்த அளவு ஊற்றிச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.

ஐந்தாறு நொடியில் பில்டரின் இடுக்கிலிருந்து ஆயில் விசிறியடித்தது. அணைக்கச் சொல்லிக் கத்தினேன், உடனே அணைத்தார். களத்தில் அரை லிட்டர் போல.

கழற்றினால், புதிய பில்டரின் வளையம் அதன் இடத்தில் இருக்கிறது. எஞ்சினின் கருப்பு முகத்தில், கருப்பாக, இன்னொரு வளையம். பழைய பில்டரின் ரப்பர், சூட்டில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. அதன் மேலேயே புதியதை ஏற்றி இறுக்கியிருக்கிறேன். இரண்டு ரப்பர் அடுக்காக இருந்தால் அழுத்தம் வந்ததும் ஒன்று பிதுங்கும். பழைய பில்டரைக் கீழே வைக்கும்போது அதன் வாயைத் திருப்பிப் பார்த்திருந்தால் வளையம் இல்லை என்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, பேசிக்கொண்டே வேலை செய்தேன். மெக்கானிக் என்னைவிட இருபது வயதுக்குமேல் சின்னவர். நகத்தால் அந்த ரப்பரை உரித்து என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கும் ஒரு தடவை ஆகியிருக்கிறது, அண்ணே" என்றார்.

சிந்தியதை மரத்தூள் போட்டு அள்ளினோம். வடித்த ஆயிலைக் கேனில் மூடி, அதே லாரியில் கீழே அனுப்பினோம். வேலிக் கம்பத்துக்குப் பூசக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். களத்துக்கு அடியில்தான் ஓடை போகிறது, கொடுக்கவில்லை.

பிறகு நடந்தது

அன்று மாலை கீழ் அடுக்குக்கு மூக்கை இறக்கி ரோட்டவேட்டரைத் தூக்கிப் பார்த்தோம். முதல் இரண்டு முறை விக்கியது. உள்ளே இருந்த காற்று வெளியேறியபின் சீராக எழுந்தது. கீச்சொலி இல்லை. மறுநாள் பனிக்காலையில் லேசாக முனகி, ஐந்து நிமிடத்தில் அடங்கியது. அதுதான் உண்மையான குளிர்ச் சத்தம் என்று ஓட்டுநருக்குக் காட்டினேன்.

சக்கர நட்டுகள் எல்லாவற்றின் மேலும், நட்டிலிருந்து ரிம் வரை, வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டோம். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். குனிந்து பார்த்தாலே போதும். மீட்டரில் 10 மணி ஏறியபின் மறுபடி ரெஞ்ச் வைத்தபோது இடது சக்கரத்தில் ஒரு நட்டு மட்டும் மிகச் சிறிது இறுகியது. அடுத்த 10 மணியில் எதுவும் அசையவில்லை. குழாய் இணைப்பின் மேல் பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி மூன்று நாள் ஓட்டினோம். காகிதத்தில் கறை இல்லை.

இரண்டு வாரம் காற்றோடு ஓடிய பம்புக்குள் ஏதாவது தேய்ந்திருக்குமா என்பது அடுத்த பில்டரைத் திறக்கும்போதுதான் தெரியும். அதனால் கையேடு சொல்வதற்கு முன்பே, 150 மணியில் அதைத் திறந்து பார்க்க மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி மாற்றிக்கொள்வது

மேல்மலையில் வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே ரசமட்டம் வைத்து ஆயில் அளவு பார்க்கச் சொல்லுவேன். களத்தில் சக்கரங்கள் நின்ற நான்கு இடங்களிலும் பெயின்டில் குறியிட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் மினி டிராக்டர் வைத்திருக்கும் மற்ற மூன்று பேரும் இப்போது அங்கே வந்துதான் அளவு பார்க்கிறார்கள். முதல் நட்டுச் சோதனையை 50 மணி வரை விடமாட்டேன். முதல் நாள் வேலை முடிந்ததும் ஒரு முறை, 10 மணியில் ஒரு முறை. குறுகிய அடுக்குகளில் ஒரு நாள் இந்த முனையிலிருந்தும் மறுநாள் அந்த முனையிலிருந்தும் இறங்கும்படி ஓட்டுநர் மாற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு அடுக்குகளில் மட்டும் அதற்கு வழியில்லை, அங்கே இடது சக்கரம்தான் பள்ளத்தில் நிற்கும்.

என்னைப் பொறுத்தவரை, பழைய பில்டரின் வாயைப் பார்க்காமல் புதியதை எடுப்பதில்லை.

அந்த அம்மா பால் நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறார். வண்டி இறங்கிய நேரம், திரும்பிய நேரம், மீட்டர் எண், நான்காவதாக "கோடு". அதில் தினமும் ஒரு சரிக்குறி. இரண்டு சுருள்களையும் மடித்த காகிதம் அந்தப் பக்கத்தில்தான் குண்டூசியில் குத்தியிருக்கிறது.